உலகமும் ஒரு விடுதிச் செயலாளரும்

பல்கலைக்கழக வளாகங்களில் மட்டுமே செழித்து வளரும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். உலகக் குடிமகன் என்று பெயர். சாதாரணக் குடிமக்கள் நீங்களும் நானும். வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறோம், குப்பை வண்டி வரவில்லை என்று புலம்புகிறோம், அத்தோடு சரி. அவருக்கு இந்தச் சில்லறை வேலையெல்லாம் ஒத்துவராது. எடுத்தால் மொத்தமாக உலகத்தையே எடுப்பார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மேசைமேல் ஒரு பூகோள உருண்டை இருக்கும், சுற்றிவிட்டால் கிறீச்சிடும். சுவரில் தூரதேசத்து நேரங்களைக் காட்டும் கடிகாரங்கள் வரிசையாகத் தொங்கும்; அவற்றில் ஒன்றுதான் ஓடும், அதுவும் உள்ளூர் நேரத்தைக் காட்டும். கோட்டில் சின்னச் சின்னக் கொடிகள் குத்தியிருக்கும். பேச எழுந்தால் கையை அகல விரித்து, “நாம எல்லாரும் ஒரே குடும்பம்” என்பார். சொந்தத் தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது, அது வேறு விஷயம்.

எங்கள் வளாகத்திலும் ஒருவர் இருக்கிறார். நான் அங்கே வாத்தியார்; என் அறைக்கு அடுத்த அறை அவருடையது. முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். இப்போது அதற்கு உலகக் குடிமைப் பண்பு வளர்ப்பு மையம் என்று பலகை மாட்டியாகிவிட்டது. நாற்காலிகள் இன்னமும் உள்ளேதான் இருக்கின்றன. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘உலகம்’. தாழ்வாரத்தில் அவர் தலை தெரிந்தால், “டேய், உலகம் வருது” என்று சொல்லிக்கொண்டு கலைந்துவிடுவார்கள். சிக்கினால் கையில் ஏதாவது ஒரு கொடியைக் கொடுத்து நிற்க வைத்துவிடுவார் என்ற பயம்தான்.

சரி, பன்னாட்டுச் சமுதாயம் என்று ஒன்று வேண்டுமென்றால் குறைந்தபட்சம் ஒரு வெளிநாட்டுக்காரராவது வேண்டாமா? முன்பு சிலர் இருந்தார்கள். படிப்பு முடிந்து போய்விட்டார்கள். மிஞ்சியது ஒருத்தி. கடல் கடந்த ஏதோ ஒரு தீவிலிருந்து தாவரவியல் படிக்க வந்த பெண். ஆக, எங்கள் பன்னாட்டுச் சமுதாயம் முழுவதும் அவள்தான். பல்கலைக்கழகக் கையேட்டின் அட்டையில் அவள். உள்ளே ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு அவள். மரத்தடியில் புத்தகத்தோடு அவள். கடைசிப் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள். தூரத்திலிருந்து பார்த்தால் பெருங்கூட்டம்.

ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்களோடு சேர்த்து அவளையும் வரவேற்பார். அதே மேடை, அதே பூங்கொத்து, அதே “நீங்க எங்களத் தேடி வந்ததுல ரொம்ப சந்தோஷம்.” அவள் வந்து மூன்றாவது வருஷம் நடக்கும்போதும் வரவேற்றார். இதற்குள் அவள் எங்கள் பேச்சைக் கரைத்துக் குடித்துவிட்டாள். காய்கறிக் கடையில் பேரம் பேச என் மனைவி அவளைத்தான் துணைக்குக் கூப்பிடுவாள். ஆனால் உலகம் அவளிடம் பேசுவதைக் கேட்க வேண்டுமே. குரலை உயர்த்தி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டு, கையால் கவளம் பிடித்துக் காட்டி, செவிட்டுக் குழந்தைக்குச் சொல்வதுபோல்:

“சாப்... பாடு... நல்லா... இருக்கா?”

“உப்புதான் கொஞ்சம் கம்மி சார். மத்தபடி பரவாயில்ல. ஏன் சார், தொண்டை சரியில்லையா?”

அவர் என் பக்கம் திரும்பி, “எவ்வளவு அழகா நம்ம பாஷை பேசுது பாருங்க” என்றார்.

இந்தப் பெண் போன வருஷம் ஒரு காரியம் செய்தாள். பெண்கள் விடுதிச் செயலாளர் தேர்தலுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

காரணம் இருந்தது. அவள் படம் போட்ட அதே கையேட்டில், ‘இது உங்கள் இரண்டாவது வீடு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நீண்ட விடுமுறை வந்தால் அந்த இரண்டாவது வீட்டில் அடுப்பு எரியாது. சமையலறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்குப் போகப் பணமோ வசதியோ இல்லாத பெண்கள் பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு கிடக்க வேண்டும். அவளோடு இன்னும் பலர் அப்படிக் கிடந்தார்கள், எல்லாம் நம் நாட்டுப் பெண்கள். செயலாளரானால் சாவி தன் கைக்கு வரும், அடுப்பை அணைய விடமாட்டேன் என்று அறை அறையாகப் போய்ச் சொன்னாள்.

உலகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்டன் அம்மாவிடம் ஓடினார். எனக்கும் அங்கே வேறு வேலை இருந்ததால் காதால் கேட்டேன்.

“அது எப்படிம்மா நிக்கலாம்? அது நம்ம விருந்தாளி.”

“கட்டணம் கட்டிப் படிக்குற பொண்ணு சார். விடுதி விதியில தடை எதுவும் இல்லையே.”

“விதியில இல்லம்மா. பண்பாட்டுல இருக்கு. விருந்தாளிய யாராவது வேலை வாங்குவாங்களா? நாளைக்கு அது பாத்திரக் கணக்கு பாத்துக்கிட்டு நின்னா, உலகம் நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?”

“நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதத்தான் சார் நினைக்கும்” என்று சொல்லிவிட்டு வார்டன் அம்மா தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

கவனித்தீர்களா? உலகத்துக்கே குடிமகளாக இருக்கலாமாம்; ஒரு விடுதிக்கு இருக்கக் கூடாதாம். மனிதர் விடவில்லை. அவளையே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, “நீ எங்க விருந்தாளிம்மா” என்று ஆரம்பித்து, தேர்தலிலிருந்து விலகினால் மையத்தின் சார்பில் ‘உலக நல்லெண்ணத் தூதர்’ பட்டம் தருவதாகச் சொன்னார். தோளில் குறுக்கே போட்டுக்கொள்ள ஒரு பட்டுப் பட்டையும் உண்டாம்.

“தூதரானா லீவுல அடுப்பு எரியுமா சார்?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, அது கௌரவப் பதவி.”

“அப்ப பிஸ்கட் மட்டும் போதும் சார்” என்று இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஜெயித்தாள். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கைதட்டினேன். மறுநாள் பார்த்தால் மையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை: ‘நமது மையம் உருவாக்கிய உலகக் குடிமகளின் மாபெரும் வெற்றி.’ மூலையில் உலகத்தின் படம். அவள் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

அடுத்த நீண்ட விடுமுறை வந்தது. சமையலறைச் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது, அடுப்பு எரிந்தது. வீட்டுக்குப் போகாத பெண்களோடு, வளாகத்திலேயே தங்கிய ஆசிரியர்களும் காசு கொடுத்துச் சாப்பிடலாம் என்று ஏற்பாடு. என் வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் நானும் போனேன். பாதிச் சாப்பாட்டில் வாசலில் நிழல் தட்டியது. உலகம். மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். எந்தெந்த நாட்டில் இப்போது மணி என்ன என்று சொல்லத் தெரிந்தவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. முகம் வாடிப் போயிருந்தது.

அவள் கரண்டியும் கையுமாக எதிரே வந்தாள். குரலை உயர்த்தினாள்.

“வாங்க... சார். உக்... காருங்க. இது... தட்டு. இது... கரண்டி. எங்க சாப்பாடு... காரமா... இருக்குமே. உங்களுக்கு... ஒத்துக்குமா?”

பெண்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் புரையேறிவிட்டது.

“ஏம்மா இப்படிப் பேசுற? நான் இங்கயே வருஷக் கணக்கா இருக்கேன்மா.”

“எத்தனை வருஷம் இருந்தா என்ன சார், விருந்தாளி விருந்தாளிதானே? நீங்கதானே சொன்னீங்க.”

அவர் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாவது முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். முடித்ததும் தட்டை எடுக்க ஒரு பெண் வந்தபோது, “இருக்கட்டும்மா, நானே கழுவுறேன்” என்று எழுந்தார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சாதாரணக் குரலில், “குழாய் அந்தப் பக்கம் சார். சோப்பைக் கொஞ்சமா போடுங்க, தீந்துபோச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்” என்றாள்.

கழுவினார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கழுவினார். கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, இதை ஒரு படம் எடுங்கள் என்றார். இந்த வருஷக் கையேட்டின் அட்டையில் அந்தப் படம்தான். நடுவில் நுரைக் கையோடு உலகம். மூலையில் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பால்காரரோடு சண்டை போடும் விடுதிச் செயலாளர்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நீங்கள் அந்த இனம் இல்லை. உங்கள் வீட்டில் பூகோள உருண்டை கிடையாது. ஆனாலும் ஒரு சந்தேகம். உங்கள் தெருக்கோடி வீட்டில் குடிவந்து, பிள்ளையைப் பெற்று, பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்ட மனிதரைப் பார்க்கும்போதெல்லாம், “அப்புறம், ஊருக்கு எப்போ?” என்று அன்பாக விசாரிக்கிறீர்களே, அது ஏன்? அதை விடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு மருமகள் வந்திருக்கிறாள். கல்யாணப் படத்தில் நடுவில் நிற்கிறாள். விருந்தாளிகள் வந்தால், “இவ எங்களுக்குப் பொண்ணு மாதிரி” என்று சொல்லி அறிமுகம் செய்கிறீர்கள். எல்லாம் சரி. பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா?