துப்பத் தெரியாதவள்

"துப்புங்கம்மா," என்றார் டொக்டர் நிலக்ஷி.

நிரஞ்சலா விழுங்கினாள்.

வேண்டுமென்று அல்ல. ஐந்து வாரமாக இருமல். ஒவ்வொரு தடவையும் நெஞ்சிலிருந்து ஏதோ மேலே வரும். தொண்டைவரை வந்ததும் தானாகவே திரும்பிப் போய்விடும். இந்த ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவள் யார் முன்னாலும் துப்பியதில்லை. யாரும் இல்லாத இடத்திலும் துப்பியதில்லை. விழுங்க மட்டும்தான் தெரியும். மாமியாரின் பேச்சு, பள்ளிக்கூடத்தில் அதிபரின் பேச்சு, மணி அடித்த பிறகு கொதிக்கக் கொதிக்க வரும் தேநீர், எல்லாம் அப்படித்தான் இறங்கியிருந்தன.

மாத்தளை டவுனில் ஓர் ஆராய்ச்சிக் குழு வாடகைக்கு எடுத்திருந்த வீடு அது. ரத்தம் எடுப்பது முன்னறையில். சளி எடுப்பது பின்பக்கம், ஜம்பு மரத்தடியில்.

"ரத்தம்தான் எடுத்துட்டீங்களே டொக்டர். அது போதாதா?"

"காசநோய் உள்ளுக்குள்ள வேலை செஞ்சிட்டிருந்தா ரத்தத்துல சில புரதங்கள் ஏறும். அதை வச்சே நோயைப் பிடிக்கலாமான்னுதான் பார்க்கிறோம். ஆனா சளியில கிருமி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாத்தானே ரத்தம் சொன்னது சரியான்னு தெரியும்."

"சரியா வந்திச்சின்னா?"

"அப்புறம் உங்களை மாதிரி ஆளுங்களை யாரும் துப்பச் சொல்ல மாட்டாங்க."

அந்தக் காலம் சீக்கிரம் வர வேண்டும் என்று நிரஞ்சலா மனதார விரும்பினாள்.

"இப்படிப் பாருங்க. தினமும் காலையில வர்றவங்களுக்கு நானே செஞ்சு காட்டுறதுதான்." டொக்டர் நாலடி தள்ளிப் போனார். மாஸ்க்கை இறக்கி, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமி ஒரு கப்பில் துப்பினார். மூடியை இறுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று இருமல் வந்தது. "ஏசி எனக்கு ஒத்துக்கிறதில்ல," என்றார்.

படித்தவர்களுக்கு எதுவும் சுலபம்தான் என்று நிரஞ்சலா நினைத்துக்கொண்டாள்.

உதவிக்கு நின்ற ஷிரானி, பெயர் ஒட்டிய கப் ஒன்றை அவளிடம் நீட்டினாள். "வீட்டுல வச்சுப் பாருங்கக்கா. வந்ததும் உடனே கொண்டாந்து குடுங்க."

அலுவிகாரையில் வீட்டுக்குப் போய் மறுநாள் காலை ஆவி பிடித்தாள். அடுத்த நாள் கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். மூன்றாம் நாள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று டொக்டரைப் போலவே மூச்சை இழுத்தாள். கண்ணாடியில் தெரிந்தவளும் விழுங்கினாள்.

வெளியே அவள் கணவர் விஜயரத்தினம் தொண்டையைச் செருமினார். காணி அலுவலகத்தில் குமாஸ்தாக்களுக்கு மேலே பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் அவர் செருமினால் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இருபத்தேழு வருடமாக அந்தச் சத்தத்தைச் சகித்து வந்தவள், அன்று முதல்முறையாக அதை ஆசையோடு கேட்டாள்.

"இங்க பாருங்க. இதுல கொஞ்சம் துப்பித் தாங்க."

"உன் பேர்ல இருக்கு."

"இருந்தா என்ன?"

"ஒருத்தி எழுத வேண்டிய பரீட்சையை இன்னொருத்தன் போய் எழுதுற மாதிரி இருக்கு. நீ டீச்சர் வேற."

அவள் கப்பை நீட்டியபடியே நின்றாள். அப்படி அவள் நின்றால் அவருக்குத் தாங்காது.

"சரி, குடு. டவுனுக்குத்தானே போறேன். நானே பார்த்துக் குடுத்திடுறேன்."

வெள்ளிக்கிழமை டொக்டர் போனில் கோல் எடுத்தார். "அம்மா, பயப்படாதீங்க. சளியில கிருமி இருக்கு. ரத்த ரிப்போட் திங்கட்கிழமை வரும். ஐயாவையும் கூட்டிட்டு வாங்க, மருந்து விஷயம் பேசலாம்."

போனை வைத்தபோது விஜயரத்தினம் வாசலில் செருமிக்கொண்டிருந்தார். நோய் அவருக்கு. ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுபோனால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் மனுஷன் பயந்தே படுத்துவிடுவார். தன் சளியில் கிருமி இருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தைத் திங்கட்கிழமைவரை விழுங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

அவருக்குத் தனித் தட்டு, தனிக் கிளாஸ், முன்னறையில் தனிப் படுக்கை, வேளைக்கு இரண்டு அவித்த முட்டை.

"நோய் உனக்கு. மாஸ்க் எனக்கா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"யாருக்கு?"

அவள் இன்னொரு முட்டையை உரித்தாள்.

ஆனால் அவரும் வழக்கம்போல் இல்லை. சண்டை பிடிக்காமல் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார். தானே தேநீர் ஊற்றி அவளுக்குக் கொண்டுவந்தார். அவள் முகத்தைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார். நோய் முற்றினால் குணம் மாறும்போலிருக்கிறது என்று அவள் ஒளிந்து நின்று அழுதாள்.

திங்கட்கிழமை டொக்டர் நிலக்ஷியின் முகம் வாடியிருந்தது.

"உங்க ரத்தத்துல ஒரு புரதமும் ஏறல்லம்மா. ஐம்பத்தெட்டுப் பேருக்கு ரத்தமும் சளியும் ஒண்ணையே சொல்லிச்சு. உங்களுக்கு மட்டும் இடிக்குது. சளியில இவ்வளவு கிருமி இருந்தும் ரத்தத்துல தெரியல்லன்னா, இனி இந்த டெஸ்டை யாரு நம்புவாங்க?" சொல்லிவிட்டு முழங்கைக்குள் இருமினார்.

ஜன்னல் வழியே ஜம்பு மரத்தடி தெரிந்தது. ஒரு பெண் கப்பைப் பிடித்தபடி, சுற்றிலும் பார்த்துவிட்டு விழுங்கினாள். அவளைப் பார்த்ததும் நிரஞ்சலாவின் தொண்டைக்கு ஏதோ ஏறி வந்தது. இந்தத் தடவை அது திரும்பிப் போகவில்லை.

"ரத்தம் சரிதான் டொக்டர். சளி என்னோடது இல்ல. இவரோடது."

விஜயரத்தினம் எழுந்து நின்றார். "என்னோடதா? என்கிட்ட ஏது சளி?"

"காலையில செருமுறது?"

"அது ஒபீஸ்ல கிளாக்மாரை நிமிர வைக்கப் பழகின சத்தம். முப்பது வருஷமா வெறும் சத்தம்தான், ஒண்ணும் வர்றதில்ல. எவ்வளவோ முக்கிப் பார்த்தேன். வெட்கமாப் போச்சு. வெறுங் கப்பை ஜன்னல்ல வச்சிட்டு ஓடி வந்துட்டேன்." மனைவி பக்கம் திரும்பினார். "வெறுங் கப்புலயே கிருமியைக் கண்டுபிடிச்சிருக்காங்கன்னா உனக்கு எவ்வளவு முத்தியிருக்கும்னு நினைச்சு மூணு நாளா நான் தூங்கல்ல, நிரஞ்சி."

டொக்டர் மெதுவாகத் திரும்பினார். "ஷிரானி, லெபுக்குப் போனது நிறைஞ்ச கப். அதுல அம்மாவோட பேர் எப்படி வந்திச்சு?"

"நான்தான் மிஸ் மாத்தி ஒட்டினேன். ஜன்னல்ல ரெண்டு கப் பக்கத்துல பக்கத்துல இருந்திச்சு. வெறுங் கப்புல பேர், நிறைஞ்ச கப்புல பேர் இல்ல. ஐயா தவறி வேற கப்புல கொண்டாந்துட்டாருன்னு நினைச்சேன்."

"அப்போ அந்த நிறைஞ்ச கப் யாரோடது?"

ஷிரானி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்குக் காலையில மிஸ் துப்பிக் காட்டிட்டு வச்சதுக்கு அப்புறம் வேற யாரும் அந்த ஜன்னல்ல கப் வைக்கல்லயே, மிஸ்."