பீரங்கி போட்ட முதல் ஆல்பம்

தாம்பரத்தில் ரகசியம் பேசத் தெரியாத ஒரே மனிதன் பீரங்கிதான். பல் வலிக்கிறது என்று அவன் என்னிடம் சொன்னால் கீழ்வீட்டிலிருந்து கிராம்பு வரும். கூடுவாஞ்சேரியில் இருக்கும் அக்காவோடு அவன் ஃபோனில் பேசும்போதெல்லாம், ஜன்னலைத் திறந்துவிட்டுப் பேசினாலே போதுமே, ஃபோன் எதற்கு என்று கேட்பேன். அவனுடைய நிஜப் பெயர் ஆதார் அட்டையில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் நாங்கள் இருவரும் மூன்று வருடம் ஒன்றாகக் குடியிருந்தோம். நான் சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மானேஜரிடம் திட்டு வாங்குகிற வேலையில் இருந்தேன். அவன் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினான். இரும்புத் தகட்டை உள்ளே தள்ளினால், மேலிருந்து ஐம்பது டன் அழுத்தத்தோடு ஓர் அடி விழும். கீழே வாஷர் வந்து விழும். காலையிலிருந்து சாயங்காலம் வரை டக்-டம், டக்-டம். மற்றவர்களுக்கு அது தலைவலி. இவனுக்கு அதுதான் தாளம். அந்தத் தாளத்தில் நின்றபடியே ராப் கட்டுவான்.

“தகடு வருது, தகடு போவுது,
தாம்பரம் ட்ரெய்ன்ல உசுரு நோவுது,
டக்குனு எறங்கும் அம்பது டன்னு,
டவுட்டு கீதா? வெரல வையி கண்ணு!”

“யாரைடா இப்படித் திட்டற?” என்று கேட்டேன்.

“மிசினத்தான் மச்சான். வேற யாரு நின்னு கேக்கறாங்க?”

பட்டறையில் எல்லோருக்கும் காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பு கொடுத்திருந்தார்கள். பீரங்கியின் அடைப்பு மட்டும் ஆறு வருடமாகச் சட்டைப் பையிலேயே கிடந்தது. ஒருநாள் துணி துவைக்கும்போது அது கையில் அகப்பட்டது. ஏன் போட்டுக்கொள்வதில்லை என்று கேட்டேன்.

“காத அடச்சிகினா பீட்டு எங்கேந்து வரும்? கண்ண மூடிகினு சினிமா பாருன்ற மாரி கீது நீ சொல்றது.”

அட, நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. அந்த ‘அட’வை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. ஃபோனில் பாடி ஃபோனிலேயே ஏற்றிவிட்ட பாட்டுகளை அவன் மதிப்பதே இல்லை. “அதெல்லாம் கணக்குல வராது மச்சான். கண்ணாடிக் கூண்டுக்குள்ள நின்னு, ஹெட்போன் மாட்டிகினு, ஒம்போது பாட்டு. ஸ்டுடியோ ஆல்பம். அது வந்தாத்தான் நான் ராப்பர். அதுவரிக்கும் சும்மா கத்துறவன்” என்பான். கடைசி வாக்கியத்தில் எங்கள் தெருவே அவனோடு உடன்பட்டது.

குளியலறைதான் ஒத்திகை மேடை. ஒரு காலையில் ஹவுஸ் ஓனர் அக்கா மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

“தம்பி, வெட்டுவேன் வெட்டுவேன்னு கத்தறாரே, யாரைப்பா? எங்க வீட்டுக்காரர் பயந்துபோய் கேட்டைப் பூட்டிட்டு வாக்கிங்கே போகலை.”

“தகடு வெட்டறதைச் சொல்றான்க்கா.”

“அதை ஏன்பா இவ்ளோ கோவமா சொல்றாரு?”

எனக்கும் தெரியவில்லை. நாங்கள் சிரித்தோம். தெருவே சிரித்தது. இந்த மனிதன் ஏன் வருடா வருடம் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசுகிறான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது வருடம் அவன் பட்டறை இருந்த தொழிற்பேட்டையில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. துணைக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனான். காது பரிசோதனை ஒரு வேனுக்குள் நடந்தது. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னாள் ஒரு இளம்பெண். பீரங்கி அதைப் போட்டி என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. கண்ணை மூடித் தலையை ஆட்டியபடி டக்-டம், டக்-டம் என்று தாளம் தப்பாமல் அமுக்கித் தள்ளினான்.

அந்தப் பெண் கை காட்டி நிறுத்தினாள். “அண்ணா, நான் இன்னும் சவுண்டே போடலை.”

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. “இந்த வாட்டி நிஜமா கேட்டா மட்டும் அமுக்குங்க” என்றாள். அவள் ஒவ்வொரு குமிழாகத் திருகிக்கொண்டே போனாள். அவனுடைய கட்டைவிரல் பட்டன்மேலேயே இருந்தது. வெகுநேரம் அசையவில்லை. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிடுச்சு. கீச்சுன்னு வர்ற சத்தம்தான் முதல்ல போகும். போனது திரும்ப வராது. மிஷின்கிட்டயே நின்னா மீதியும் போயிடும்” என்று என்னிடம்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற அவனுக்குத் தாளில் எழுதிக் காட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் வழக்கம்போல மொத்த பஸ்ஸுக்கும் கேட்கும்படி சொன்னான். “மீதி போறதுக்குள்ள ஆல்பத்தப் போட்டுரணும் மச்சான். என் காதாலயே நான் ஒரு வாட்டி கேட்டுரணும். அவ்ளோதான்.”

பேக்கிங் பக்கம் மாறிக்கொள்ளடா என்று கெஞ்சினேன். இன்னும் மூன்று பாட்டு பாக்கி இருக்கிறது, பேக்கிங்கில் பீட்டு கிடையாது என்றான். சண்டை போட்டோம். அந்தக் குரலோடு சண்டை போட்டு யார் ஜெயிப்பது? மூன்று பாட்டையும் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றேதான் கட்டி முடித்தான்.

கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன ஸ்டுடியோ பிடித்தான். கல்யாண வீடியோவும் பக்திப் பாட்டுமாக ஓடிக்கொண்டிருந்த இடம். நடத்தியவரை மிக்ஸிங் அண்ணன் என்போம். அவருடைய பொறுமைக்கு அந்தப் பக்திப் பாட்டுகள்தான் காரணமாக இருக்கவேண்டும். பீரங்கி கூண்டுக்குள் நின்று வாயைத் திறந்ததும் அவர் முன்னால் இருந்த எல்லா விளக்கும் சிவப்பாகிவிட்டது. “கொஞ்சம் பின்னாடி போப்பா” என்றார். போனான். “இன்னும் கொஞ்சம்.” போனான். கடைசியில் கூண்டின் கதவைத் திறந்து வைத்து, அவனை வாசற்படியில் நிறுத்தித்தான் ஒன்பது பாட்டையும் பதிவு செய்ய முடிந்தது.

“பரவால்ல மச்சான், ஒரு கால் உள்ள கீதுல்ல” என்றான்.

வினை மிக்ஸிங்கில் வந்தது. “அண்ணே, ஜால்ரா மாரி சின்னத் தட்டு ஒண்ணு போட்டியே, டிஸ்சு டிஸ்சுனு, அது எங்க?”

“இருக்கேப்பா.”

“கேக்கல. ஏத்து.”

ஏற்றினார். கேட்கவில்லை. இன்னும் ஏற்றினார். அவன் முகத்தில் சிரிப்பு வந்தபோது என் காதிலும் மிக்ஸிங் அண்ணன் காதிலும் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டது.

மிக்ஸிங் அண்ணன் என்னை வெளியே கூப்பிட்டார். “சார், இதை இப்டியே வுட்டா கேக்கறவன் ஹெட்போனைத் தூக்கி எறிஞ்சிடுவான். ரெண்டா போட்டுத் தரேன். சரியானது வெளிய போகட்டும். இது அவருக்கு மட்டும். சொல்லாதீங்க.” தலையாட்டினேன். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது ட்ரெயினில் பீரங்கி கேட்டான். “நெஜமா சொல்லு. நீ எதுக்குக் காதப் பொத்திகின? கண்ணாடில பாத்தேன்.”

எனக்குப் பொய் வரவில்லை. இரண்டு ஆல்பம் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், பெட்டியே கேட்கும்படி. வண்டலூர் போனது, பெருங்களத்தூர் போனது. தாம்பரத்தில் இறங்கும்போது சொன்னான்.

“ரெண்டு போட்டா மொதோ ஆல்பம்னு எத சொல்றது மச்சான்? ஒண்ணே இருக்கட்டும். ஊருக்குக் கேக்கறத வெச்சிக்கோ. என்னுத அழிச்சிடச் சொல்லு.”

‘ஐம்பது டன்’ என்ற பெயரில் ஆல்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளிவந்தது. பட்டறைக்காரர்கள் கேட்டார்கள், அவனுடைய அக்கா கேட்டார், ஹவுஸ் ஓனர் அக்காகூட ஒரு பாட்டு கேட்டார். உலகம் அதன் பாட்டுக்கு இருந்தது. மறுநாளே அவன் பேக்கிங்குக்கு மாறிவிட்டான். இப்போது அக்கா வீட்டோடு இருக்கிறான். நானும் வேறு வீடு போய்விட்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சொல்லியாக வேண்டும். மொட்டைமாடியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டைப் போட்டான். ஃபோனில் சத்தத்தை ஏற்றினான், முழுக்க ஏற்றினான். பாதிப் பாட்டில் கழற்றிவிட்டான். சத்தத்தைக் குறைத்து, அதை என் தலையில் மாட்டி, எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒன்பது பாட்டும் முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் தலை ஆடினால் அவன் தலையும் ஆடியது. நான் சிரித்தால் எந்த வரி என்று அவனுக்குத் தெரிந்தது. இந்தக் கத்துகிறவன்மேல் எனக்கு இத்தனை பிரியம் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. சத்தியமாக, ராப் எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் கடைசிப் பாட்டு முடிகிற வரைக்கும் நான் முகத்தை ஒரு தடவைகூட வேறு பக்கம் திருப்பவில்லை.