நஞ்சில்லாச் சலவை

மனித குலத்தின் மானத்தைக் காத்தவர்கள் இருவரே. ஒருவர் ஆடையைக் கண்டுபிடித்தவர். மற்றவர் அதற்குத் தண்ணீரே காட்டாமல் வெளுத்துக் கொடுப்பவர். முதலாமவர் யாரென்று எவருக்கும் தெரியாது. இரண்டாமவர் கடைத்தெரு முனையில் உலர்சலவை நிலையம் வைத்திருந்தார்.

அவருடைய இயந்திரம் குடித்த திரவத்துக்கு லேசான இனிப்பு வாசனை. கோட்டில் ஏறிய எண்ணெய்க் கறையை ஒரே சுற்றில் விரட்டும். கூடவே இஸ்திரி மேசையில் நின்ற அவர் மனைவிக்குத் தலைச்சுற்றலையும் வரவழைக்கும்.

"என்னங்க, மத்தியானமானா கண்ணைக் கட்டுது. சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறேன்."

"காத்தோட்டம் பத்தலை, அதான்" என்றார் முதலாளி, ஜன்னலைச் சாத்தியபடி. விலை கொடுத்து வாங்கிய திரவம் ஆவியாகித் தெருவுக்குப் போவதில் அவருக்கு உடன்பாடில்லை.

அந்தத் திரவம் புற்றுநோய் வரவழைக்கும் என்று அரசு தடை போட்ட அன்றுதான் முதலாளிக்குச் சுற்றுச்சூழல்மேல் காதல் பிறந்தது. தூது வந்தவர் மனைவியின் அண்ணன், ரசாயன வியாபாரி. பச்சை வண்ணம் பூசிய டிரம் ஒன்றை உருட்டிவந்து வாசலில் நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, இது சுத்த ஆர்கானிக்."

"எதுலேர்ந்து எடுக்கறாங்க மச்சான்?"

"பூமியிலேர்ந்து. என்னைக்கோ செத்த உசுரெல்லாம் மக்கி, இயற்கையா ஊறினது."

"பெட்ரோல்னு சொல்லுண்ணே" என்றாள் மனைவி.

"பெட்ரோலோட தங்கச்சி" என்று அண்ணன் திருத்தினார்.

"உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே?"

"பண்ணும்கறதுக்கு ஆதாரம் இல்லம்மா."

"யாராச்சும் சோதிச்சுப் பாத்தாங்களா?"

"இன்னும் இல்ல. அதனாலதான் ஆதாரமும் இல்ல."

இந்த விஞ்ஞானத் தெளிவில் முதலாளி நெகிழ்ந்து போனார். மனைவி மட்டும் டிரம்மைக் குனிந்து பார்த்தாள். "தீப்பிடிக்கும், பழைய மெஷின்ல ஊத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"எவ்வளவு சின்ன எழுத்துல போட்டிருக்கான் பாரு" என்றார் முதலாளி. " முக்கியம்னா பெருசாப் போட்டிருக்க மாட்டானா?"

"முக்கால்வாசித் துணியைத் தண்ணியிலயே பக்குவமா அலசலாமாம். அதுக்குன்னு மெஷின் வந்திருக்காம்."

"தண்ணியா!" முதலாளி சிரித்தார். "தண்ணியை எவன் ஆர்கானிக்னு நம்புவான்?"

'நஞ்சில்லாச் சலவை' என்று பலகை ஏறியது. பழைய இயந்திரம் புதிய திரவத்தைக் குடித்தது. இரண்டு வாரம் சமர்த்தாக ஜீரணித்தது. மூன்றாவது வாரம் யாரோ கோட்டுப் பையில் விட்டுவைத்த லைட்டர் உள்ளே சுழன்றபோது ஏப்பம் விட்டது.

நீல நிறத்தில் ஒரு நாக்கு கதவிடுக்கில் நீண்டது. தொங்கிய துணிகளுக்குத் தாவியது; கண் மூடித் திறப்பதற்குள் வாசல் பக்கம் முழுக்க நெருப்பு. முதலாளி முதலில் ஓடி வெளியே வந்தார். பக்கத்தில் மனைவி இல்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடி, தான் சாத்திய ஜன்னலைத் தானே செங்கல்லால் உடைத்து, அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அதற்குள் அவருடைய இரண்டு புருவமும் பொசுங்கியிருந்தன.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? ஒண்ணும் ஆகலையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் இருமிக்கொண்டே இருந்தாள்.

கடை கரியாகி நின்றது. ஆனால் அரசு கைவிடவில்லை. அந்த ஆண்டின் 'தூய காற்று' விருதுக்காக மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஊரிலுள்ள சலவை நிலையங்களின் கணக்கை மேசையில் இருந்தபடியே அலசியது. அதில் ஒரே ஒரு நிலையம் பல மாதங்களாகப் புகை, கழிவு, ஆவி எதையும் வெளியிடாமல் சாதனை படைத்திருந்தது. அதிகாரி மகிழ்ந்து பரிந்துரைத்தார்.

விழாவுக்கு முதலாளி மையால் புருவம் வரைந்துகொண்டு போனார். கைதட்டல் ஓய்ந்ததும் அதிகாரி அவருடைய மனைவியிடம் ஒலிபெருக்கியை நீட்டினார். "அம்மா, இந்தச் சாதனைக்குப் பின்னால் இருப்பவர் நீங்கள். நாலு வார்த்தை பேசுங்கள்."

அவள் விருதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப சந்தோஷங்க ஐயா. ஆனா இது எங்க வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது இல்ல. அந்தத் தீக்குச் சேர வேண்டியது. இத்தனை வருஷத்துல எங்க கடைக்குள்ள நேர்ல வந்து சோதனை போட்டு, மெஷினை நிறுத்தி, ஜன்னலைத் தெறக்க வச்சது அது ஒண்ணுதாங்க."