பன்னாடை டீச்சர் மூட்டிய தீ

தென்னாற்காடு ஜில்லாவில் பன்னாடை டீச்சரின் கண்ணில் பட்ட எந்தப் பொருளும், ‘இது எரியுமா, எரியாதா’ என்ற விசாரணையிலிருந்து தப்பியது கிடையாது. தேர் வந்தால் ஊரே சாமியைப் பார்க்கும். அவள் வடத்தைப் பார்ப்பாள். “நல்ல நாரு, டிரில்லு. பிரிச்சு உட்டா ஒரே குச்சியில பத்திக்கும்” என்பாள். தேர் நிலைக்கு முழுசாக வந்து சேர்ந்தது தெய்வச் செயல்.

டிரில்லு என்பது நான்தான். அறுபதுகளில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தேன். கழுத்தில் விசில், வாயில் வசவு. அவள் தையல் டீச்சர். சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும்தான் காதில் விழும். தென்னை மட்டையின் அடியில் சல்லடைத் துணி மாதிரி சுற்றியிருக்குமே, அந்தப் பன்னாடையில் ஒரு துண்டு எந்நேரமும் அவள் இடுப்பில் செருகியிருக்கும். உடம்புச் சூட்டில் காய்ந்தபடியே இருக்குமாம். பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது ஆளைத் திட்டுகிற வார்த்தை. அவளுக்குக் கோபமே வரவில்லை.

“கிருஷ்ணாயிலுன்னு வைக்காம உட்டுதுங்களே, அது போதும்” என்றாள்.

மண்ணெண்ணெய் அவளுக்கு ஜென்மப் பகை. “அது மேல குதிச்சிட்டு ஓடிப்போயிரும். கட்டைய அது தொடவே தொடாது” என்பாள். பள்ளியின் சாரணியர் படைக்கு அவள்தான் தலைவி. முகாமில் நெருப்பு மூட்டுவதற்கு அவள் வைத்த சட்டம்: எண்ணெய் கூடாது, காகிதம் கூடாது, ஒரு தீக்குச்சிக்கு மேல் கூடாது. மூட்டியவள் தீ தானாக நின்று எரியும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை மீறிய பிள்ளைகளைத்தான் அவள் அடித்தாள். தையலில் பாவாடையைக் கோணலாக வெட்டியவர்களைக்கூட விட்டுவிடுவாள்.

சட்டம் போடுவது சுலபம். ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூரில் துணி காயாது, சுவர் காயாது, தலைமுடி காயாது. அந்த மழையில் காய்ந்ததைத் தேடி அவள் ஊர் மேய்வாள். எது கிடைத்தாலும் முதலில் மேலுதட்டில் வைத்துப் பார்ப்பாள். விரலுக்குத் தெரியாத ஈரம் உதட்டுக்குத் தெரியும் என்பது அவள் கட்சி. சவுக்குச் சருகு, சணல் பிரி, குருவிக் கூடு, துடைப்பத்தின் அடிக்கட்டு எல்லாமே அந்த உதட்டுக்குப் போயிருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாக, “அவங்களுக்கு ஏதாச்சும் வேண்டுதலா?” என்று கேட்டாள்.

ஒருமுறை பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தாள். ‘மழையிலும் பற்றும் ஒரு பொருள் கொண்டு வா.’ வக்கீல் ஒருவரின் மகள் அப்பாவுடைய கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. வக்கீல் ஜட்காவில் வந்து இறங்கி, “எங்கய்யா என் கட்டு?” என்று வராந்தாவில் கத்தினார். பன்னாடை டீச்சர் கட்டை உதட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா. ஈரம் இழுத்துப் போச்சு. இது ஒண்ணுக்கும் ஒதவாது.”

கட்டு காணாமல் போனதைவிட இந்தத் தீர்ப்புதான் அவரைச் சுட்டது.

தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு உள்ள குடும்பம். அந்த அம்மாளின் நாற்காலி மெத்தையில் நல்ல இலவம்பஞ்சு இருந்தது. ஒரு முகாமுக்கு முதல் நாள் பன்னாடை அதை உருவிக்கொண்டு, சவுக்குச் சருகை அடைத்துத் தைத்துவிட்டாள். தையல் பிரமாதம், பிசிறு தெரியாது. பெரிய டீச்சர் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். அன்றைக்குப் பிறகு அந்த அம்மாளுக்கும் இவளுக்கும் பேச்சு பாதியாகக் குறைந்தது.

“ஏண்டி இப்படி அலையிற? பைத்தியம்னு சொல்றாளுங்க” என்று நான் ஒருநாள் திட்டினேன்.

கல்யாணமாகாதவள். அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த மனுஷன் மலிவாகக் கிடைக்கிறது என்று ஈர விறகாகத்தான் வாங்கிப் போடுவான். தினமும் விடிவதற்குள் எழுந்து, ஊதி ஊதி அடுப்பு மூட்டுவது அவள் வேலை. பள்ளிக்கூடம் தவிர வேறெங்கும் அவளை அனுப்ப மாட்டான். முகாமுக்கு மட்டும், கவர்மென்ட் டியூட்டி என்று அவள் அளந்து வைத்திருந்ததால், வாயை மூடிக்கொண்டு விடுவான்.

“வீட்டுல மூட்டினா சுத்தி நின்னு சோறு எங்கங்குதுங்க. இங்க மூட்டினா சுத்தி நின்னு பாட்டு பாடுதுங்க. அதான், டிரில்லு” என்றாள்.

அந்த முகாமும் போயிற்று.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் நேரில் வந்து பார்த்து, படை இருக்கலாமா, கலைக்கலாமா என்று எழுதப்போவதாகத் தகவல் வந்தது. சிதம்பரம் போகிற வழியில், பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் முகாம். போன அன்றிலிருந்தே மழை. தரையில் கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கியது. பெரிய டீச்சர் அரை மணிக்கு ஒருதரம் வானத்தைப் பார்ப்பார், பிறகு பன்னாடையைப் பார்ப்பார். இரண்டிலுமே அவருக்கு நம்பிக்கை இல்லை.

பன்னாடை அசரவில்லை. ஈரச் சவுக்குக் கட்டையைப் பிளந்து, உள்ளே இருந்த காய்ந்த வயிரத்தை மட்டும் சீவிச் சீவிச் சுருளாக எடுத்தாள். தரை ஈரம் ஏறாதபடி அடியில் பருங்கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் அடுக்கினாள். அடுக்கிவிட்டுத் தன் ஒரே குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி காவல் உட்கார்ந்தாள்.

“முந்திரி ஓட்டைக் கொஞ்சம் அடியில போட்டா எந்த மழையிலயும் எரியுமே” என்றார் பெரிய டீச்சர்.

“எரியும். கடிக்கவும் செய்யும். என் தீயில அது வேணாம் டீச்சர்.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முந்திரிக்கொட்டை ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. நெருப்பில் போட்டால் கொழுந்துவிடும். ஆனால் தெறிக்கும். பட்ட இடம் கொப்பளித்துத் தோல் உரியும்.

சாயங்காலம் பெரிய டீச்சர் வந்து, “என்னா கோலம் இது? இன்ஸ்பெக்ட்ரஸ் வர்ற நேரம். போய் யூனிபார்ம் சேலை கட்டிக்கிட்டு வா. நான் குடை பிடிக்கிறேன்” என்றார். போனாள். அவள் அந்த அடுக்கைவிட்டு நகர்ந்தது அப்போது மட்டும்தான். நான் தோப்புக்குப் பின்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். தூறல் நிற்கவில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னாடை இடுப்பிலிருந்து துண்டை உருவி, கசக்கி, உதட்டில் வைத்தாள்.

“என்ன சாப்பிடறாங்க அவங்க?” என்று இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்டார்.

“டெஸ்டு பண்றாங்கம்மா” என்றேன்.

ஒரே குச்சி. பன்னாடைத் துண்டு பற்றியது. சுருள் பற்றியது. சுள்ளி பற்றியது. தூறலில் ஒரு தீ எழுந்து நின்றது பாருங்கள், பிள்ளைகள் பாட்டைத் தொடங்கச் சொல்லாமலே தொடங்கினார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் கை தட்டினார். நான் காரணமில்லாமல் விசில் ஊதினேன்.

பிறகு தீ அடிக்கட்டைக்கு இறங்கியது. பட், படார் என்று வெடித்தது. கறுப்புப் புகை, தொண்டையைப் பிடிக்கும் நெடி. காற்று நேராக நாற்காலிப் பக்கம் அடித்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் நாற்காலியோடு மல்லாந்தார். கையில் எண்ணெய் தெறித்து, புகை பட்ட முகம் பூரி மாதிரி உப்ப ஆரம்பித்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. மரியாதைக்குத்தான் பலத்த அடி.

“யார் இதைப் போட்டது?”

பெரிய டீச்சர் கம்மல் திருகைத் தொலைத்தவர் மாதிரி தரையையே பார்த்தார். பன்னாடை அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“தீ என்னுதும்மா” என்றாள். “அதுல என்னா இருந்தாலும் என்னுது.”

படையைக் கலைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை பெரிய டீச்சரின் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து தொங்கின. “என்னா டீச்சர் கையில?” என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“மருதாணி.”

“மருதாணிக்குத் தோல் உரியுமா? எந்தக் கடைன்னு சொல்லுங்க டீச்சர். எனக்கு வேண்டாதவங்க நாலு பேருக்கு வாங்கிக் குடுக்கணும்.”

இதற்குப் பிறகு எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் போட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். பயத்தில் போட்டார். அத்தனை வருஷம் பன்னாடையின் கையைப் பார்த்தும் நம்பாமல் போட்டார். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பன்னாடைமேலும் கோபம்தான். “இன்ஸ்பெக்ட்ரஸுக்கு நான் எழுதறேன்” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னான்னு எழுதுவ? மூட்டினவளுக்கு அடியில என்னா இருக்குதுன்னே தெரியலன்னா? உடு, டிரில்லு.”

கர்வம் பிடித்தவள். அந்தக் கர்வத்துக்கு விலை, மறுபடியும் அண்ணன் வீட்டு ஈர விறகு. அதன் பிறகு எந்தப் பிள்ளையும் அவளைச் சுற்றி நின்று பாடவில்லை.

அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். மார்கழி தரிசனக் கூட்டம், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு, விடாத மழை. கையில் இரண்டு பைகளோடு அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்த டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில், கடைக்கார பாய் நனைந்த கரியோடு மல்லுக்கட்டிக்கொண்டு, பாய்லரில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றிக் கொளுத்தினார். தீ மேலே குதித்து அணைந்தது. அவள் பைகளைக் கீழே வைத்தாள்.

“தள்ளுங்க பாய்.”

முதலில் கையைப் பாய்லருக்குள் விட்டு, கரிக்கு அடியில் ஒரு துழாவு துழாவினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இப்பல்லாம் அடியில பாத்துட்டுத்தான்” என்றாள். அப்புறம் அவள் கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன். இருந்தது. உதட்டில் வைத்தாள். ஒரே குச்சி.

நுனி பற்றி, கரியின் ஓரம் சிவக்க ஆரம்பித்தபோது அண்ணன் கத்தினான். “பஸ்ஸு கெளம்புது! அங்க என்னாத்த நோண்டிக்கிட்டிருக்க?”

தீ இன்னும் நிற்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள்.

“பாத்துக்க, டிரில்லு” என்று சொல்லிவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

என் பஸ்ஸும் வந்தது. “டீச்சர், புவனகிரி வண்டி போவுது” என்றார் பாய். “போவட்டும்” என்றேன். கரி முழுக்கச் சிவந்து, தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கும்வரை அந்த பெஞ்சைவிட்டு நான் நகரவில்லை.