பன்னிரண்டு புள்ளி ஒன்று

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனாலும் மீன் பிடிக்கப் போயே தீருவது என்று மாலுமி முடிவு கட்டிவிட்டார். மாலுமி என்பது தெரு வைத்த பெயர். உத்தியோகம் தபால் ஆபீசில் முத்திரை குத்துவது. பதினான்கு அடிப் படகு ஒன்றும், அதன் வாலில் மாட்டிய மோட்டார் ஒன்றும் சொந்தமாக இருப்பதால் கிடைத்த பட்டம்.

ஒரே ஒரு சங்கடம். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. ஒருமுறை அணைத்தால் தீர்ந்தது. மறுபடி பட்டனை அமுக்கினால் மோட்டார் ஒரு கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்துவந்தால் ஒரே ஒருமுறை கிளம்பும்.

உண்மையைச் சொன்னால், மூன்று வாரமாக இந்தக் கோளாறு அவருக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. ஏரிக்கு அக்கரையில் மனைவியின் அக்கா காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். சுற்றிப் போனால் மூன்று பஸ். படகில் அரை மணி நேரம். மனைவி கேட்கும்போதெல்லாம், "பேட்டரி சரியில்லம்மா, நடு ஏரியில நின்னுட்டா யாரு வந்து இழுக்கறது?" என்று உருக்கமாகச் சொல்லிவிடுவார். அக்கா பேரில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. அக்கா புருஷன்தான் தொல்லை. அந்தச் சகலை படகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஏரி வற்றுகிற வரைக்கும் நிறுத்த மாட்டார்.

இப்போது சிநேகிதர் சலூன்காரர் ஞாயிறு விடியற்காலை மீன் பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறார். ஆகவே பேட்டரி சரியாக வேண்டும். சரியானது மனைவிக்குத் தெரியவும் கூடாது. அதில்தான் ஒரு சிக்கல். மோட்டார் படகின் பின்னால். பேட்டரி முன் பலகைக்கு அடியில். மோட்டாரை முறுக்கிப் பிடித்துக்கொண்டே பேட்டரியை அளந்து பார்க்கப் பதினான்கு அடி நீளக் கை வேண்டும். சலூன்காரரைத் துணைக்குக் கூப்பிடலாம் என்றால், சனிக்கிழமை சலூனில் கூட்டம் அலைமோதும். வேறு வழியில்லாமல் மனைவியையே படகுத்துறைக்கு அழைத்துவந்து, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிப் பின்னால் உட்காரவைத்தார். அவள் கணக்கு டீச்சர். மோட்டாரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு தைரியம்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். இந்தக் கைப்பிடியை இப்படி முறுக்கிப் பிடிச்சுக்கோ. போதும்."

"இந்த லீவர் எதுக்குங்க?"

"முன்னால தள்ளினா முன்னால போகும். பின்னால இழுத்தா பின்னால போகும். நடுவுல இருந்தா சும்மா ஓடும். நடுவுலயே இருக்கட்டும், தொட்டுடாதே."

"தொடலை."

"சிவப்பு பட்டன் அணைக்கறதுக்கு. அதையும் தொடாதே."

"அதையும் தொடலை. கையில என்ன அது?"

"மீட்டர்."

"எவ்வளவு காட்டணும்?"

யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாலுமியால் முடியாது. "பதினாலு பக்கம் வந்தா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம். பன்னெண்டுலயே குந்திக்கிட்டிருந்தா ஏறலைன்னு அர்த்தம். உனக்கெதுக்கு இதெல்லாம்?"

"சும்மாதான் கேட்டேன்."

மோட்டார் உறுமியது. மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஒன்று காட்டியது. மாலுமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சோடா உப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தார். பன்னிரண்டு புள்ளி ஒன்று. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்து, அது நன்றாக இருப்பது கண்டு கோபப்பட்டு, திரும்பச் செருகினார். பன்னிரண்டு புள்ளி ஒன்று. ஒரு ஸ்குரூடிரைவர் ஏரிக்குள் போனது. முழங்கால் சிராய்த்தது.

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமே?"

"என் படகுக்கு மெக்கானிக்கா? இன்னிக்கு நானா அதுவான்னு பாத்துடறேன்."

பார்த்தும்விட்டார். மோட்டாரின் மூடியைக் கழற்றி ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டு போனபோது, பேட்டரிக்குப் போகிற ஒயரின் இணைப்பு ஒன்று பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தது. சுரண்டினார். துடைத்தார். இறுக்கிச் செருகினார். முன்னால் ஓடி மீட்டரைப் பேட்டரியில் மாட்டிப் பலகைமேல் நிமிர்த்தி வைத்து, "முறுக்கு" என்றார்.

பதினான்கு புள்ளி இரண்டு.

மாலுமிக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. படகு என்பதால் அடக்கிக்கொண்டார். சட்டென்று உள்ளங்கையால் மீட்டரை மூடி, முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்தவர்போல் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவுங்க?"

"அதே பன்னெண்டு புள்ளி ஒண்ணு. இது இப்போதைக்கு ஆகாது. அக்காவை அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"அப்படியா? பாவம், காலையிலேர்ந்து எவ்வளவு கஷ்டப்பட்டீங்க."

அந்தப் பரிவு அவரைக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் மீட்டரையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு துறையில் ஏறினார்.

"சரி, சிவப்பு பட்டனை அமுக்கிட்டு வா."

"அமுக்கினா மறுபடி கிளம்பாதே?"

"கிளம்பாது."

"அமுக்காம இருந்தா?"

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். அதனால என்ன?"

"ஒண்ணுமில்ல. அக்கா வீடு வரைக்கும் ஓடினாப் போதும்."

தூணைச் சுற்றிப் போட்டிருந்த கயிற்றை அவள் நிதானமாக உருவிப் படகுக்குள் போட்டாள். லீவரை முன்னால் தள்ளினாள். படகு துறையை விட்டு நகர்ந்தது.

"ஏய், உனக்கு ஓட்டத் தெரியாது!"

"பதினோரு வருஷமா எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். திங்கக்கிழமைக்கும் ஸ்கூல்ல லீவு சொல்லியாச்சு. அன்னிக்கு சாயங்காலம் வந்துடறேன்."

மாலுமியின் ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணெதிரே நுரை கிளப்பிக்கொண்டு போயிற்று. அவர் துறையின் கடைசிப் பலகை வரைக்கும் ஓடினார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். கையில் கடைசியாக ஒரு அஸ்திரம் இருந்தது.

"அக்கரையில போய் அணைச்சுட்டு, திரும்பி எப்படி வருவே? பேட்டரியில சார்ஜே இல்லையே!"

அவள் கைப்பிடியை விடாமல் தலையை மட்டும் திருப்பினாள்.

"பதினாலு புள்ளி ரெண்டு போதும்ங்க, தாராளமா வந்துடலாம்."