ஆயிலண்ணனும் முழங்கால் தண்ணீரும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேன் ஓட்டுகிறவர்களில் ஆயிலண்ணனைப் போல மனுஷன் உயிரை வாங்குகிறவர் இன்னொருவர் கிடையாது. இருந்திருந்தால் நாங்கள் வேலையை விட்டே ஓடியிருப்போம்.

ஷிஃப்டுக்கு நேரமாகிறதே என்று சுங்குவார்சத்திரத்தில் மூச்சிரைக்க வந்து ஏறினால், அவர் நிதானமாக இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் ஆயில் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மோந்தும் பார்ப்பார். ஸ்டார்ட் பண்ணிய பிறகும் வண்டி நகராது. ஆயில் மேலே ஏற வேண்டுமாம்.

"தூங்கி எய்ந்ததும் நீ ஓடுவியா? இஞ்சினு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்பார். ஐயா, நாங்கள் தூங்கி எழுந்து ஓடித்தான் வந்திருக்கிறோம் என்றால் காதில் விழாது.

மேம்பாலம் ஏறும்போது டெம்பரேச்சர் முள் லேசாக அசைந்தாலே ஏசியை அணைத்துவிடுவார். மே மாதத்தில் எங்கள் சட்டையைப் பிழிந்தால் ரேடியேட்டரையே நிரப்பலாம்.

மணிமங்கலத்தில் எங்கள் சூப்பர்வைசர் கல்யாணம். மாப்பிள்ளைக் காரில் கட்டியிருந்த மல்லிகைச் சரத்தை அவிழ்த்து பானெட்டைத் திறந்துவிட்டார் மனுஷன். கூலன்ட் குறைவாம், அப்படியே எடுத்தால் இன்ஜின் சூடேறி இறுகி நின்றுவிடுமாம். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மண்டபத்துக்கு நடந்தே போனார். கெட்டிமேளம் கொட்டும்போதும் இவர் காருக்கடியில்தான் கிடந்தார்.

தன் வண்டி ஒருநாளும் ரோட்டில் நின்றதில்லை என்பதுதான் அவருக்கு உலகத்திலேயே பெரிய பெருமை. டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவனையும் விடாமல் சொல்லுவார்.

போன மழைக்காலத்தில் எனக்கு நிரந்தர வேலைக்கான இண்டர்வியூ வந்தது. காண்ட்ராக்ட் முடிகிற மாதம் அது. தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். அன்று வேனில் நான் மட்டும்தான். ஒரகடத்துக்குச் சற்று முன்னால் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஆயிலண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். தண்ணீர் இன்ஜினுக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், போகவே மாட்டேன் என்றார். கெஞ்சினேன், கத்தினேன். கண்ணெதிரே இன்னொரு வேன் தண்ணீரில் இறங்கி, ஒன்றும் ஆகாமல் அக்கரை ஏறிப் போயே போய்விட்டது. வந்த ஆத்திரத்தில் அந்த ஆயில் கம்பியாலேயே அவரைக் குத்தியிருப்பேன்.

"அவன் தப்பிச்சுக்கினான். அதுக்கு நான் இஞ்சினை சாவடிக்கணுமா? எறங்கு, நானும் வரேன்" என்றார்.

என் சர்டிஃபிகேட் பையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தார். திட்டிக்கொண்டே பின்னால் போனேன். கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மற்ற வேனெல்லாம் வந்துவிட்டதே, நீ மட்டும் ஏன் லேட் என்று ஹெச்ஆர் அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆயிலண்ணன் முந்திக்கொண்டார்.

"என் வண்டி ரோட்டுல நின்னுட்ச்சு சார். இஞ்சினு போச்சு. நான்தான் ஒயுங்கா பாத்துக்கல. புள்ள மேல தப்பு இல்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி ஆளாக என்னை உள்ளே விட்டார்கள். வேலையும் கிடைத்தது.

நிரந்தர ஊழியர்களுக்கு எங்கள் கம்பெனியில் தனி பஸ் உண்டு. சொன்ன நேரத்துக்கு டாணென்று கிளம்பும். அதில் நான் இதுவரை ஏறியதில்லை.