முழங்காலில் நின்ற மாப்பிள்ளை

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இருக்கிற ஒரே வேலை உட்கார்ந்திருப்பது. மற்றதையெல்லாம் ஊர் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு வேலைக்கும் லாயக்கில்லாமல் போனவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் குளச்சலுக்கும் கருங்கலுக்கும் ஓடிய பஸ்ஸில் நான் டிரைவர். பலகை இருக்கை, வழியெல்லாம் குழி. வால் எலும்பின் மேல் முடி தோலுக்குள் புதைந்து, புரையோடிச் சீழ் வைத்துவிட்டது. (இடத்தை இதற்குமேல் விளக்க மாட்டேன். பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.)

டாக்டர் இரண்டு வழி சொன்னார். புரையை அறுத்தெடுத்துக் காயத்தைத் திறந்தே விடலாம். தினமும் துணித்திரி வைத்துக் கட்ட வேண்டும், ஆற மாதக்கணக்காகும். அல்லது அறுத்த கையோடு தைத்துவிடலாம். சீக்கிரம் ஆறும், ஆனால் தைத்த இடம் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

என் அக்காள் கணவருக்கும் முன்பு இதே சீக்கு. அவர் திறந்துவிடும் கட்சி.

"லேய் மக்கா, தச்சா மேலதான் மூடும், உள்ள கள்ளன் இருப்பான். தொறந்து போடு, அடியில இருந்து சதை வளந்து வரட்டும்."

"தபசுக்காலம் வருதே அத்தான்!"

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தபசுக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. அது தொடங்குமுன் தாலி கட்டாவிட்டால் ஈஸ்டர்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு நிச்சயித்த பெண்ணின் அப்பாவோ தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம் மீன்பிடி வள்ளக்காரர், வேறொரு மாப்பிள்ளையையும் கைவசம் வைத்திருந்தார். இந்தச் சீக்கை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? தையலுக்கே தலையாட்டினேன்.

கல்யாணத்துக்கு முன்பே தையல் பிரித்தாயிற்று. ஆனாலும் கொஞ்ச நாள் உட்காரக் கூடாது என்று உத்தரவு. கோயிலில் பிரசங்கத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் முழங்காலில் நின்றேன். பங்குச் சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, "இந்த மாப்பிள்ளையின் பக்தியைப் பாருங்கள்" என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான் துடைத்தேன் (முழங்கால் வலி). அத்தான் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு குலுங்கினார்.

விருந்தில் மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"மருமவன் கோயில்ல உக்காந்திருக்கவே இல்ல, பாவம். இங்க இரியும்!" என்று என் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். வள்ளம் தள்ளிய கை அது. கீழே ஏதோ பிரிந்தது. பந்திக்கு நடுவில் என் வெள்ளை வேட்டி சிவந்தது.

"எவன் லேய் என் மருமவன குத்துனது?" என்று மாமனார் அலறினார்.

"யாரும் குத்தல்ல மாமா, தச்சது பொட்டிப்போச்சு" என்று அத்தான் கடல்வரை கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் விளக்கினார். என் மானம் கப்பலேறியது.

மாட்டுவண்டியில் குப்புறப் படுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த முறை திறந்தே விட்டார்கள். மாமனார் மகளைத் திரும்பக் கூட்டிப் போய்விடுவாரோ என்று நடுங்கிக் கிடந்தேன். வாசலில் அவர் குரல் கேட்டது. பதிலுக்கு அவள் குரல்.

"நீங்க போங்கப்பா. இந்தப் புண்ண ஆரு கெட்டுவா?"

தபசுக்காலம் முழுவதும் அவள்தான் வெந்நீரில் கழுவித் திரி வைத்தாள். வலியில் நான் முனகினால், "அனங்காம கெடங்க" என்று அசையவிடாமல் அதட்டிவிட்டு, வலி மறக்க அவள் ஊர்க் கதைகள் சொல்வாள். குப்புறக் கிடந்தே அந்தக் குரலை நேசிக்கத் தொடங்கினேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகுகிறது.

காயம் மெதுவாக அடியிலிருந்து ஆறியது, திரும்ப வரவேயில்லை. வைத்தியத்தில் அத்தான்தான் ஜெயித்தார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு ஈஸ்டர்வரை காத்திருந்தால், அவளை வேறொருவன் கட்டியிருப்பான்.

இன்றும் வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எடுத்தால் அவள் குறுக்கே விழுந்து சொல்வாள்:

"மொகத்தப் பாத்து என்ன தெரியும்? இவருக்க மொகத்த நான் ஈஸ்டருக்குப் பொறவுதான் பாத்தேன்."